ஒயின் ஷாப்பில் ஒயின் கேட்பவர்

தமிழ்நாட்டில் ஒயின் ஷாப் என்பது பிராந்தி, ரம், விஸ்கி, பீர் விற்கும் கடை. தனியார் நடத்திய காலத்தில் முகப்பில் சாமி பெயரோ முதலாளி பெயரோ போட்டு, பின்னால் ‘ஒயின்ஸ்’ என்று சேர்த்து எழுதினார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கைக்குப் போனது. பலகை மாறிற்று, பேச்சு மாறவில்லை. இந்தக் கடைக்குப் போய் உண்மையிலேயே ஒயின் கேட்கிற மனிதர் ஊருக்கு இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். ஆரணியில் தேறுகிறவர் அவர்களிலும் தனி ரகம். காரணம், அவர் பட்டுக்காரர்.

ஆரணிக்குப் பெயர் வாங்கித் தந்தவை பட்டும் அரிசியும். அரிசி ஆலைப் பக்கம் இந்த ரகம் அதிகம் தென்படுவதில்லை. பத்துப் பதினைந்து தறிக்குப் பாவு கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிறவர்களிடையேதான் பெரும்பாலும் தோன்றுகிறார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். சர்க்கரை, எல்லைக்கோட்டில் நிற்கும். இவர் கையில் ஒரு சேலையைக் கொடுத்தால் முந்தியிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். மயிர் பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு; உருகி மணியாக உருண்டால் வேறு எதுவோ. ஜரிகையை நகத்தால் சுரண்டுவார். வெள்ளி சுற்றித் தங்க முலாம் ஏற்றிய அசல் ஜரிகைக்குள் சிவப்புச் சாயமேற்றிய பட்டிழை இருக்க வேண்டும். நிறத்தை டியூப்லைட்டில் பார்க்கவே மாட்டார். வாசற்படிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் புரட்டுவார். விலையைக் கடைசியில்தான் கேட்பார். கடையில் ஏசி இருக்கிறதா, பையில் யார் படம் போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. இந்தப் பத்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஒயின் இவருக்குப் பெரும்பாலும் பெங்களூரில் அறிமுகமாகிறது. பட்டு நூல் வாங்கப் போன இடத்தில் நூல் வியாபாரி ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி நீட்டியிருப்பார். வேண்டாம் என்றால் கடன் தவணை கெட்டுப்போகுமோ என்று குடித்தது, ருசியாகிவிட்டது. ஊர் திரும்பியதும் அதற்கு ஒரு நியாயம் தேவைப்படும். அது தயாராகவே இருக்கிறது. வெண்ணெயும் கொழுப்பும் தின்கிற பிரெஞ்சுக்காரர்களுக்கு இதயநோய் குறைவாக இருக்கக் காரணம் சிவப்பு ஒயினாக இருக்கலாம் என்று 1991 நவம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னது. அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. அந்தச் செய்தி ஆரணி வந்து சேர வாட்ஸ்அப் பிறக்க வேண்டியிருந்தது. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன செய்தி இன்னும் வழியில் இருக்கிறது. சிவப்பு ஒயின் குடித்தால் மேனி நிறம் கூடும் என்ற உபரி நம்பிக்கையும் உண்டு. “ஐம்பது வருஷமா வராத கலரு இனிமேத்தான் வரப்போகுதா?” என்று மனைவி ஒருமுறை கேட்ட பிறகு அந்த வாதம் வீட்டில் எடுக்கப்படுவதில்லை.

வாங்குகிற காட்சி எல்லா ஊரிலும் ஒன்றுதான். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும். கூட்டம் சற்று வடிந்ததும், தெரிந்த முகம் எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு கம்பிக்கு அருகே போவார்.

“ஒயின் இருக்குதா தம்பி?”

விற்பனையாளர் ஏற இறங்கப் பார்ப்பார். “எதுக்கு சார், கேக்குக்கா?”

பின்னால் நிற்பவர் இருப்புக்கொள்ளாமல், “யோவ், இன்னா வேணும்னு சீக்கிரம் சொல்லிட்டு நகருய்யா” என்பார். அதற்குள் அடித்தட்டின் மூலையிலிருந்து ஒரு பாட்டில் வெளியே வரும். விற்பனையாளர் அதன்மேல் இருக்கும் தூசியைத் துணியால் துடைக்கப் போக, “இருக்கட்டும், தொடைக்காதே” என்று இவர் தடுத்துவிடுவார். ஒயின் நாளாக நாளாகத்தான் உயரும் என்பது அவர் கேள்விப்பட்டது. அது உலகத்தில் மிகச் சில ஒயின்களுக்கே பொருந்தும். மலிவு ஒயின் வந்த ஓரிரு வருடத்துக்குள் குடித்துத் தீர்க்கவே செய்யப்படுகிறது. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில், தகரக் கூரைக்குக் கீழே ஒன்றரை வருடம் நின்ற பாட்டில் முதிர்ந்திருக்காது, வெந்திருக்கும். இதே மனிதரிடம் ஒன்றரை வருடம் அலமாரியில் கிடந்த சேலையைக் கொண்டுவந்தால், “பழைய ஸ்டாக்கு, மடிப்பு விட்டுப்போச்சு” என்று பாதி விலைக்குக் கேட்பார்.

பாட்டில் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் வைக்கப்படும். கிருத்திகை, அமாவாசை, வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு நூல் மூட்டைகளுக்கு நடுவே தங்கும். மறுநாள் திரும்ப உள்ளே போகும். இந்தப் போக்குவரத்தில் மிச்சமிருந்த ருசியும் பாதி போய்விடுவது அவருக்குத் தெரியாது. மலிவு பாட்டிலுக்குத் திருகு மூடிதான். எப்போதாவது தக்கை வைத்தது வந்துவிட்டால் மர ஸ்குரூ ஒன்றை அதில் முறுக்கி இறக்கிக் குறடால் இழுப்பார். தக்கை பாதியில் உடைந்தால் உள்ளே தள்ளிவிட்டு, தேநீர் வடிகட்டியில் வடிப்பார். கோப்பை, கல்யாணத்தில் அன்பளிப்பாக வந்த ஆறு கண்ணாடி டம்ளர்களில் உயிரோடிருக்கும் ஒன்று. இடம் மொட்டை மாடி. நேரம் இருட்டிய பிறகு. பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தே பழகிய கண், இங்கே செல்போன் டார்ச்சில் நிறம் பார்க்கும். தெருவில் பார்ப்பவர்களை நினைத்தால் வேறு வழியில்லை.

இனி ருசிக்கும் முறை. இதில்தான் ஆரணிக்காரர் மற்றவர்களிடமிருந்து பிரிகிறார். ஐரோப்பிய நிபுணர்கள் ஒயினில் பென்சில் சீவல், ஈரக் கல், பழைய தோல், புகையிலை என்று என்னென்னவோ கண்டுபிடித்து எழுதுவார்கள். அந்தச் சொற்கள் எதுவும் இவரிடம் இல்லை. ஆனால் சொல்லுக்குப் பஞ்சமும் இல்லை, தறியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

டம்ளரைச் சுழற்றி நிறுத்தினால் உள்சுவரில் ஒயின் கோடுகோடாக இறங்கும். வெள்ளைக்காரர்கள் இதைக் கால் என்றும் கண்ணீர் என்றும் சொல்கிறார்கள். இவருக்கு அது தறியில் நெடுக்கே ஓடும் பாவு. “பாவு நெருக்கமா எறங்குது, நல்ல சரக்கு” என்பார். ஜேம்ஸ் தாம்சன் என்ற விஞ்ஞானி 1855-லேயே இதை விளக்கிவிட்டார்: ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாவதால் பரப்பு இழுவிசை மாறுகிறது, திரவம் சுவரில் ஏறித் துளியாகத் திரண்டு வழிகிறது. ஆக, பாவின் நெருக்கம் சொல்வது போதையின் அளவைத்தான், தரத்தை அல்ல. பக்கத்தில் பிராந்தியோடு உட்கார்ந்திருக்கும் மைத்துனர் தன் டம்ளரையும் சுழற்றி, “மாமா, எனக்கு இன்னும் நெருக்கமா எறங்குது பாருங்க” என்று காட்டுவார். “அது பவர்லூம்டா” என்று பதில் வரும்.

முதல் மிடறில் வாய் நிறைந்து, விழுங்கியதும் ஒன்றுமில்லாமல் போனால், “பாவு இருக்குது, ஊடை பத்தலை.” கடைசி ருசி நீளாமல் பட்டென்று அறுந்தால், “முந்தி வர்றதுக்குள்ள சேலை முடிஞ்சுபோச்சு.” ருசிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நின்றால், “கோர்வை விட்டிருக்குது.” இவற்றைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஒயினின் கடைசி ருசி எவ்வளவு நேரம் நாக்கில் நிற்கிறது என்பதை நிபுணர்களும் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். அதற்கு முந்தி என்பதைவிடப் பொருத்தமான பெயரை அவர்கள் வைத்ததாகத் தெரியவில்லை. துவர்ப்பு விஷயத்தில் இவர் கற்றுக்குட்டியே அல்ல. முப்பது வருடம் வெற்றிலை பாக்குப் போட்ட நாக்கு. பாக்கிலும் நாவல்பழத்திலும் வாழைப்பூவிலும் நாக்கைக் கவ்வுகிற அந்தச் சத்துதான் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் சிவப்பு ஒயினுக்கு வருகிறது. அளவான துவர்ப்பு எது, பச்சைத் துவர்ப்பு எது என்று இவர் பிரித்துச் சொல்வதை எந்த நிபுணரும் மறுக்க முடியாது. மிக்சரும் மிளகாய்த்தூள் தூவிய கடலையும் வந்து சேரும்வரை இந்தத் திறமை நிலைக்கும்.

போர்ட் ஒயின் என்ற பெயரில் விற்கும் தித்திப்புச் சரக்குக்கு இவரிடம் ஒரு தனிச் சோதனை உண்டு. இந்த வகைக்குப் பெங்களூர் நீலத் திராட்சை நிறைய உபயோகமாகிறது. மேசைத் திராட்சையின் முரட்டு வாசனையை மறைக்கச் சர்க்கரை தாராளமாக இருக்கும். இவர் அதைக் கஞ்சி என்கிறார். மட்டமான துணிக்குக் கஞ்சி ஏற்றி விறைப்பாக்கி விற்பது அவர் கண்ணால் கண்ட தந்திரம்; ஒரு தண்ணீர் பட்டால் சாயம் வெளுத்துவிடும். அதனால் டம்ளரில் கால்வாசி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். கஞ்சி இறங்கி, உள்ளே நூல் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலரும். உலகில் வேறெங்கும் இல்லாத சோதனை இது; தவறான சோதனை என்றும் சொல்வதற்கில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வாசனை எதிலாவது எட்டிப் பார்த்தால் உடனே பிடித்துவிடுவார். அந்தத் திராட்சையில் ரோஜா மணம் உண்டு என்று மேல்நாட்டில் வர்ணிப்பார்கள். கம்பத்துக்காரர்கள் அதைப் பெயரிலேயே வைத்து முடித்துவிட்டார்கள்.

மதிப்பெண் அணாக் கணக்கில். பதினாறு அணா இதுவரை எந்த ஒயினுக்கும் கிடைத்ததில்லை. அது பெண்ணின் கல்யாணச் சேலைக்கு மட்டும். பத்து அணா தேறினால் அடுத்த மாதமும் அதே பாட்டில். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய நூறு மதிப்பெண் முறை ஐம்பதிலிருந்து தொடங்குகிறது; பாட்டிலுக்குள் ஏதாவது இருந்தாலே ஐம்பது. ஆரணி முறையில் அந்தத் தாராளம் கிடையாது. இரண்டணா வாங்கிய ஒயின்களும் உண்டு.

இத்தனை கறாரும் ஓரிடத்தில் சரிந்துவிடும். அந்த இடம் விலை. மைத்துனர் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஒரு காலி பாட்டிலில், டாஸ்மாக்கில் வாங்கிய அதே பத்தணாச் சரக்கை ஊற்றி வைத்து, “மாமா, இது ஆயிரத்து எட்டு நூறு” என்று சொல்லிவிட்டால் போதும். சுழற்றுகிற வேகம் குறையும். கண் மூடும். வெகுநேரம் கழித்து, “அதான் பாக்கறேன். நின்னு பேசுது பாரு” என்பார். பதினான்கணா. தீக்குச்சியும் நகமும் பகல் வெளிச்சமும் வைத்துக்கொண்டு, விலையைக் கடைசியில் கேட்கிற மனிதர், இங்கே விலையை முதலில் கேட்டுவிட்டார். ஏசி ஷோரூமில் உட்கார்ந்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் சேலையைத் தடவுகிற வாடிக்கையாளர்களைப் பற்றி வாரம் ஒருமுறை சிரிப்பவர் இவர்தான்.

இவர் தனியாக ஏமாறவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிபோர்னியாவில் இருபது பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை 10 டாலர் என்று சொன்னபோது சுமார். 90 டாலர் என்றபோது அருமை. வாய்தான் பொய் சொல்கிறது என்றால், இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் சேர்ந்துகொண்டு கூடுதலாக வேலை செய்தது. அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை விலை தெரியாமல் ருசிக்க வைத்துப் பார்த்ததில், பயிற்சியில்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் கொஞ்சம் குறைவாகத்தான் பிடித்தது. பிரான்ஸில் போர்தோவில் ஃப்ரெதெரிக் ப்ரோஷே என்பவர், ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்; சிவப்பு ஒயினுக்கு உரிய வர்ணனைகளோடு எழுதித் தள்ளினார்கள். 2001-இல் வெளிவந்தது அந்த ஆய்வு. சாயப்பட்டறை உள்ள ஊரில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

குட்டு வெளிப்படும் இரவில் இவர் கோபப்படுவதில்லை. கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துவிட்டு, “பாட்டில் மாத்தினதுல காத்து பட்டு நல்லா ஆயிருக்குது” என்பார். இதிலும் பாதி உண்மை இருப்பதால் மைத்துனருக்கு வாதாட வழியில்லை. புதுச்சேரி போய் வந்தவர்கள் அங்கே விலை மலிவு, ரகம் அதிகம் என்று ஆசை காட்டுவார்கள். அங்கிருந்து பாட்டில் கடத்தி வருவது சட்டப்படி குற்றம். ஆகையால் முகூர்த்த சீசன் முடிந்ததும் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போய், அங்கேயே நாலு ரகம் ருசித்துவிட்டு, அபிப்பிராயங்களை மட்டும் கொண்டு திரும்புவார். அவற்றுக்குச் சோதனைச் சாவடியில் தடையில்லை. வாரக்கணக்கில் தீராமலும் இருக்கும்.

திறந்த பாட்டில் மூன்று நான்கு நாளில் புளிக்கத் தொடங்கும். அரைப் பாட்டிலுக்கு மேல் ஒரே இரவில் குடிக்கமாட்டார், குடித்தால் தலைவலி. மிச்சத்தை வீணாக்க மனமின்றி ஐந்தாம் நாள் குடித்து முகம் சுளித்து, “சாயம் போயிடுச்சு” என்பதோடு அந்தப் பாட்டிலின் வரலாறு மாடியில் முடிகிறது. கீழே தொடர்கிறது. காலி பாட்டில் மனைவிக்குச் சேர்ந்த சொத்து. லேபிளை ஊறவைத்துச் சுரண்டி, சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, செக்கில் நல்லெண்ணெய் வாங்க எடுத்துப் போவார். சரியாக முக்கால் லிட்டர் பிடிக்கும். செக்குக்காரர் எண்ணெய் ஊற்றுமுன் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரே ஒருமுறை முகர்வார்.

“இன்னொரு தடவை வெந்நி ஊத்திக் கழுவிட்டு வாங்கம்மா.”