ராத்திரி இல்லாத ஊரில் விருந்து

கேள்வி: அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரம் இருக்கும் உட்கியாக்விக் ஊரைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. எந்த மாதம் போகலாம்?

பதில்: நவம்பர் 18 வாக்கில் போனால், சூரியன் உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இரண்டு மாத விடுப்பில் போய்விடும். ஜூனில் போங்கள். மே 10 வாக்கில் உதித்த சூரியன் ஆகஸ்ட் தொடக்கம் வரை மறையாது. 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று எதையும் தள்ளிப்போட முடியாத ஊர்!

வெளியூரிலிருந்து சாலை கிடையாது, விமானம்தான். பழைய வரைபடத்தில் 'பாரோ' என்றிருக்கும். 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, ஆறே வாக்கு வித்தியாசத்தில் இன்யூப்பியாக் மொழிப் பெயரை மீட்டுக்கொண்டார்கள்.

ஜூனைச் சொல்லக் காரணம் நலுகடக் திருவிழா. வசந்தத்தில் திமிங்கிலம் பிடித்த குழுவினர் ஊரையே கூட்டி விருந்து வைப்பார்கள். தோலும் கொழுப்புமாக வெட்டிய மக்டக் உங்கள் கைக்கும் வரும்: மேலே கன்னங்கரேல், கீழே இளஞ்சிவப்பு. தட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஊரே கடலில் இறங்கி உழைத்த சோறு அது. அப்புறம் சீல் தோல்களைத் தைத்த விரிப்பைச் சுற்றிநின்று பிடித்து, ஒருவரை வானத்துக்கு வீசுவார்கள். அந்தரத்தில் இருந்தபடியே அவர் மிட்டாய் இறைப்பார், குழந்தைகள் பாய்ந்து பொறுக்கும்.

வேட்டை கைகூடினால்தான் விழா. தேதியை விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கனத்த கோட்டு, நீர் புகாத பூட்ஸ் அவசியம். கடற்கரையில் தனியாக நடக்காதீர்கள், பனிக்கரடியும் அங்கேதான் உலாவ வரும்.