குழிக்குச் சொந்தக்காரருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பழைய ஆம்னி கார்கோ வைத்திருக்கும் லேத்துப் பட்டறைக்காரன், பீளமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்: எங்கள் வீதியில் குழி தோண்டிய துறையின் உயர் அதிகாரி அவர்கள். (துறையின் பெயரை எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் போட்டவர்களைக் கேட்டால் பாதாளச் சாக்கடை என்கிறார்கள். பாதாளச் சாக்கடையைக் கேட்டால் கேபிள் என்கிறார்கள். கேபிள்காரர்களோ அது மழையில் தானாக விழுந்தது என்கிறார்கள்.)

பொருள்: வேனுக்கு மட்பிளாப் மாட்டுவதற்கு அரசு நீளம் நிர்ணயம் செய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த மட்பிளாப்புகளில், பின்னால் இடப்பக்கம் இருந்த ஒன்று சென்ற வாரம் தங்கள் குழிக்குக் காணிக்கையாகிவிட்டது. இறங்கித் தேடவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அடுத்த திருப்பத்திலேயே, பின்னால் டிவிஎஸ் 50-இல் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்த பெரியவருக்கு இடுப்பு வரைக்கும் அபிஷேகம் ஆனது. வண்டியை ஓரங்கட்டினேன். அவர் பக்கத்தில் வந்து நிறுத்தி, "ஏனுங் தம்பி, பொறகால வர்றவனுக்கும் முகூர்த்தம் இருக்குமுங்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை வைதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்தப் பக்கமுங்க ஓட்டம்?" என்றார். கணபதியில் பவுண்டரியில் காஸ்டிங் ஏற்றி, சந்து சந்தாகப் பீளமேடு வருவேன் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டர்கூட அப்படி ஆட்டினால் நமக்கு வயிற்றைக் கலக்கும்.

மூன்று ரகம் எடுத்துப் போட்டார். முதலாவது கம்பெனி அச்சில் வார்த்த பிளாஸ்டிக். பெண்டரின் வளைவுக்குச் சரியாக உட்காரும், பார்வைக்கும் லட்சணம். குழியின் விளிம்பில் ஒரு தடவை இடித்தால் மூலையில் விரிசல் விடும். இரண்டாவது, எல்லா வண்டிக்கும் ஆகும் என்று விற்கிற ரப்பர். நமக்கு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஆனால் மெல்லிசாக வாங்கினால் வேகத்தில் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு பறக்கும். சேறு அதற்கடியில் சுகமாகப் போய்விடும். மூன்றாவது, ஆலைகளில் ஓடித் தேய்ந்த கன்வேயர் பெல்ட்டில் வெட்டியது. உள்ளே கித்தான் அடுக்கு வைத்த கனத்த சரக்கு, லாரிக்கானது. ஆம்னியின் தகரத்தில் அதை மாட்டினால் ரப்பர் கிழியாது, தகரம் கிழியும்.

நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற சீமை இது. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி போகாத மாநிலம் உண்டா? வண்டிக்கு மேலே எதைக் கட்ட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டிக்குக் கீழே என்ன இருக்கும் என்பதைத்தான் தாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நடுத்தரக் கனத்தில் ரப்பர் வாங்கினேன். மாட்டுவதில் சிரமமில்லை. பின்னால் ஒரு தகரப் பட்டை கொடுத்து முடுக்கினால் ஸ்க்ரூ ரப்பரை அறுக்காது. துளை போட்ட இடத்தில் பிரைமர் தடவாவிட்டால் அடுத்த மழைக்குள் துரு பிடிக்கும். முன் சக்கரத்துக்கு ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடித்து, டயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஆயிற்று. நீளத்தில்தான் சிக்கல், அதற்குத்தான் இந்த விண்ணப்பம்.

வெறும் வண்டியில் தரைக்கும் ரப்பருக்கும் ஒரு சாண் விட்டேன். காஸ்டிங் ஏற்றியதும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் படுத்து, அது நாலு விரக்கடை ஆனது. சமமான ரோட்டுக்கு இது போதும். ஆனால் தங்கள் குழியில் சக்கரம் இறங்கும்போது ரப்பர் தரையில் மடங்குகிறது. வெளியே வர ரிவர்ஸ் எடுத்தால் டயரே அதன் மேல் ஏறிப் பிடுங்கிப் போடுகிறது. சரி என்று குறைத்து வெட்டினால் பின்னால் வருகிறவருக்கு மறுபடியும் அபிஷேகம். ஆகவே வீதிவாரியாகக் குழியின் ஆழத்தை விரக்கடைக் கணக்கில் அரசிதழில் வெளியிட்டால், அதற்குத் தக்கபடி வெட்டிக்கொள்கிறோம்.

வருஷத்துக்கு ஒரு முறை வண்டியை எப்.சி.க்குக் கொண்டுபோகிறேன். சரக்கு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதன்பின் வருஷா வருஷம் என்பது சட்டம். பிரேக், விளக்கு, ஹாரன், எல்லாம் பார்த்துத்தான் சீட்டுத் தருகிறார்கள்; சரியான ஏற்பாடு, குறை சொல்லவில்லை. அந்த வண்டி ஓடுகிற ரோட்டுக்கு எப்.சி. எடுப்பது யார்? 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ரோடு போடுகிறவரும் பராமரிக்கிறவரும் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் உயிர் போனாலோ ஊனமானாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வேட்டி போனால் இல்லை.

மழையின் மேல் பழி போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டுச் சராசரியைவிடக் குறைவாகத்தான் எங்களுக்குப் பெய்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதும் பெரும்பாலும் சாரல்தான். விஷயம் மண்ணில் இருக்கிறது. எங்கள் பக்கம் கரிசல் நிறைய. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தோண்டியெடுத்த அதே கரிசலை அள்ளிக் குழிக்குள் தள்ளி, ஜேசிபி பக்கெட்டால் மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனால், முதல் மழைக்கே கீழே இறங்கிவிடும். கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும் என்பது தங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரியாததா? தெரியும். எஸ்டிமேட்டிலும் இருக்கும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் திறந்தார்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டித் தொழிலை ஆரம்பித்தவர் பெயர், பொருத்தம்தான். அதன் மேலே போனால் மட்பிளாப்பே வேண்டியதில்லை. என் துரதிர்ஷ்டம், கீழே இறங்கினால்தான் பட்டறை.

மட்பிளாப்பால் எனக்குப் பெரிதாக ஒரு லாபமும் கிடையாது. வண்டியின் அடித்தகரம் கொஞ்சம் தப்பிக்கும், மற்றபடி அது பின்னால் வருகிறவருக்காக மாட்டுவது. காசு என்னுடையது, வேட்டி அவருடையது. தங்கள் வேலைக்குப் பின்னாலும் ஊரே வந்துகொண்டிருக்கிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஆகவே, நீளம் நிர்ணயிப்பது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால், குழி தோண்டும் இடத்தில் வைக்கிற 'பணிகள் நடைபெறுகின்றன' பலகையில், தோண்டிய துறையின் பெயரையும் மூடும் தேதியையும் எழுதிவைக்குமாறும், ஐப்பசி அடைமழைக்கு முன் கிராவல் போட்டு இறுக்கித் தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாலு மட்பிளாப்பில் மூன்று மீந்திருக்கும் வரிதாரர்