பட்டா உமக்கு, பன்றி யாருக்கு?

கேள்வி: இரவில் நாட்டுத் துப்பாக்கியும் நெற்றி விளக்குமாய் எங்கள் காப்பித் தோட்டத்தில் புகுந்து, என் பன்றிகளைச் சுட்டுப் போகிறார்கள். என்ன பரிகாரம்?
(தோட்டக்காரர், வாழவந்தி)

பதில்: பரிகாரம் உண்டு, முதலில் 'என் பன்றிகள்' என்னும் பிரமையைத் துறந்தருள வேண்டும். காப்பிச் செடியும், சில்வர் ஓக்கும், அதன்மேல் படரும் மிளகும் சந்தேகமின்றித் தங்களுடையவையே. எனினும், தங்கள் ஓடையில் நீர் பருகித் தங்கள் வேலியையே சின்னாபின்னமாக்கிச் செல்லும் அப்பிராணியின் விஷயத்தில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டாவைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. வேட்டையில் மாண்டது சர்க்கார் சொத்து என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. நிலத்துக்குடையவனே வேட்டைக்கும் உடையவன் என்ற பாத்தியதை சீமைப் பிரபுக்களோடு நின்றுவிட்டது.

அத்துமீறி நுழைந்ததற்கு மட்டும் வழக்குத் தொடுத்தால் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை. சுடப்பட்டது காட்டெருமையாயின், குறைந்தபட்சமே மூன்று வருஷம். ஆகையால் போலீஸோடு வனச்சரகரையும் அழையுங்கள். கண்ணிக் கம்பி அகப்பட்டால் அறுத்தெறியாது, கிடந்தபடியே காட்டுங்கள். மின்வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சும் யோசனை எழுந்தால், புதருக்குள் வருபவன் மனிதனாகவும் இருக்கக்கூடும், அப்போது குற்றவாளிக் கூண்டு தங்களுக்கே உரியதாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்று: வேட்டைக்காரர்கள் மரியாதை நிமித்தம் பங்களாவுக்கு ஒரு தொடை இறைச்சி அனுப்பினால், தயவுசெய்து சமையற்காரரிடம் சேர்ப்பிக்க வேண்டாம், அதை வைத்திருப்பதும் குற்றமே.