அந்தக் கறுப்பு வண்டி என்னுடையது இல்லை

லெஸ்டர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸாப்பில் வந்த என் படத்தைப் பார்த்துவிட்டு, கும்பாபிஷேக நோட்டில் என் பேருக்கு நேரே 50,000 ரூபாய் எழுதிவிட்டீர்களாமே. அவசரப்பட்டுவிட்டீர்கள். நான் சாய்ந்து நிற்கும் அந்தக் கறுப்பு வண்டி என்னுடையது இல்லை.

போன மாதம் மழையில் ரவுண்டானா முன்னால் என் வண்டியோடு ஒழுங்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் நிற்கவில்லை. டிக்கி அப்பளமாகிவிட்டது. உள்ளே இருந்த இட்லி மாவு வாளி கவிழ்ந்து, இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தார்ரோட்டில் விழுந்தது. இடித்த வெள்ளைக்காரர் குனிந்து பார்த்து, "ஏதோ முக்கியமானது ஒழுகுகிறதே" என்று பதறினார். முக்கியமானதுதான், மூன்று நாள் டிபன்! நம்மூரென்றால் அதற்குள் நாற்பது பேர் கூடித் தீர்ப்பே சொல்லியிருப்பார்கள். இங்கே மாறிமாறி 'சாரி' சொல்லி, இன்சூரன்ஸ் விவரம் குறித்துக்கொண்டு பிரிந்தோம்.

என் இன்சூரன்ஸ்காரர்கள், வண்டி ஒர்க்‌ஷாப்பில் ஏறினால்தான் மாற்று வண்டி, அதுவும் சின்னது, என்றார்கள். அப்போதுதான் வாடகை வண்டிக் கம்பெனியிலிருந்து ஒரு தேன்குரல். தப்பு உங்கள் மேல் இல்லை, உங்கள் வண்டி மாதிரியே தருகிறோம், வாடகையை இடித்தவரின் இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் ஒரு பென்னி தரவேண்டாம். ஊரார் வீட்டு நெய்தானே! சரி என்றேன். இவர்கள் வண்டியின் ரகத்தைத்தான் பார்க்கிறார்கள், வயதை அல்ல. பதினாலு வயசு ஏழு சீட் கிழம் போய், பிளாஸ்டிக் உறை வாசம்கூடப் போகாத ஏழு சீட் குமரி வந்து நின்றது.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் காகிதத்தைப் படித்தேன். நாளுக்கு 85 பவுண்டு. என் பேரில் கடன்! இன்றோடு 26 நாள், 2,210 பவுண்டு. என் வண்டியை விற்றாலும் அவ்வளவு தேறாது. எதிர்க் கம்பெனி தர மறுத்தால் கோர்ட்டில் நான்தான் சாட்சி. வண்டி நிஜமாகவே தேவைப்பட்டதா, மலிவாகக் கிடைத்திருக்காதா என்று குடைவார்களாம்.

இதில் ஒரு விசேஷம். கையில் காசுள்ளவனுக்குச் சாதாரணச் சந்தை வாடகைதான் கிடைக்கும் என்று 2000-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பு. முன்பணம் கட்ட வக்கில்லாதவனுக்குக் கடன் வாடகை மொத்தமும் உண்டு என்று 2003-இல் இன்னொரு தீர்ப்பு. ஆகவே நான் வக்கில்லாதவன் என்று நிரூபிக்க வேண்டும். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு எல்லாம் அனுப்பினேன். மறுநாளே வாடகை வண்டிக் கம்பெனிப் பையன் போன் செய்து, பரீட்சையில் பாஸானவனிடம் பேசுவதுபோல், "ரொம்ப நன்றாக இருக்கிறது சார்" என்றான். இத்தனை வருஷ உழைப்புக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் பாராட்டு.

அந்த ஸ்டேட்மென்டின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கோயில் கமிட்டியில் காட்டி, 50,000-இல் ஒரு பூஜ்யத்தை அடிக்கச் சொல்லுங்கள். அத்தை கண்ணில் மட்டும் பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் செல்வம்

பி.கு: வாடகை வண்டியின் சீட்டுக்குப் பயந்து, மாவு வாங்க மட்டும் பஸ்ஸில் போய்வருகிறேன். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள். "அப்படியானால் வண்டி எதற்கு?" என்பார்கள்.