தவளையின் உள்ளும் புறமும்

எண்பதுகளின் தொடக்கத்தில் விலங்கியல் பட்டப்படிப்பின் முதலாண்டு என்றாலே தவளைதான். பாடத்திட்டத்தில் அமீபாவில் தொடங்கி எத்தனையோ உயிர்கள் இருந்தன. மண்புழுவின் முட்களையும் கரப்பான்பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியையும் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்தோம். ஆனாலும் மற்ற துறைப் பிள்ளைகள் எங்களைத் ‘தவளை அறுக்கிறவர்கள்’ என்றுதான் சொல்வார்கள்.

செய்முறை வகுப்புக்கு முந்தின இரவு பெட்ரோமாக்ஸ் விளக்கோடு கண்மாயில் இறங்கித் தவளை பிடித்து வர ஓர் ஆள் இருந்தார். காலையில் அவருடைய சாக்கு ஆய்வக வாசலில் அசைந்துகொண்டிருக்கும். அட்டெண்டர் எண்ணி வாங்கி ஜாடியில் விட்டு, குளோரோஃபார்ம் பஞ்சைப் போட்டு மூடுவார். மெழுகு ஊற்றிய தட்டில் தவளையை மல்லாத்தி, கால்களில் குண்டூசி குத்தி, தோலை விலக்கி, தசையைத் திறந்தால் உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து உப்புக் கரைசலில் போட்டாலும் துடிக்கும். இதயத் துடிப்பு மூளை இடும் கட்டளை அல்ல, அந்தத் தசையிலேயே பிறப்பது என்று புத்தகத்தில் படிக்கும் முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். அந்த வியப்பு இன்றும் எனக்கு ஆறவில்லை. அதற்காக மேசைக்கு மேசை ஒரு உயிர் போனதும் உண்மை.

பிறகு ரெக்கார்டு நோட்டு. கூர்சீவிய 2எச் பென்சில். நிழல் தீட்டக் கூடாது, கோடும் புள்ளியும் மட்டும். “தட்டில் இருக்கிறதை வரை, புத்தகத்தில் இருக்கிறதை வரையாதே” என்று எங்கள் பேராசிரியர் ஒவ்வொரு மேசையிலும் நின்று சொல்வார். ஒரு தவளையில் ரத்தக்குழாய் படத்தில் உள்ளதைவிடச் சற்றுத் தள்ளிப் பிரிந்திருந்தால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கு உயிரியல் அங்கேதான் பிடித்துப்போனது.

இப்போது என் அண்ணன் மகள் அதே படிப்பில் முதலாண்டு. “எங்க லேப்ல கத்தியே கிடையாது சித்தப்பா” என்றாள். விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி 2011-ல் வழிகாட்டிய பல்கலைக்கழக மானியக் குழு, 2014-ல் முற்றாக நிறுத்தச் சொல்லிவிட்டது. வயலில் பூச்சிகளைத் தின்கிற தவளையின் கால்களை வெளிநாட்டுத் தட்டுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாடு இது. 1987-ல் அந்த ஏற்றுமதி நின்றது. கல்லூரி மேசைகளில் அறுப்பது நிற்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அவள் கணினித் திரையில் தவளையைத் திறக்கிறாள்; பார்த்து முடித்ததும் ஒரு பொத்தானில் மூடிவிடுகிறாள். எந்த உயிரும் போகவில்லை. எந்த ரத்தக்குழாயும் இடம் மாறியும் இல்லை.

மற்றபடி அவள் படிப்பது எங்களுக்குக் கிடைக்காத செல்வம். டிஎன்ஏ எங்களுக்குச் சுவரில் தொங்கிய ஏணிப் படம். இவள் வாழைப்பழத்தை மசித்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் உப்பும் கலந்து, வடிகட்டிக் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றி, வெள்ளை இழைகளாகக் குச்சியில் சுற்றி எடுக்கிறாள். ரைபோசோம் எங்கள் படங்களில் வெறும் புள்ளி. அதன் அணு அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு மறுபடி மாணவராகி உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தவர் அவர். இதை அவளிடம் நான் அடிக்கடி சொல்வேன்.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. நாங்கள் தவளை தவளையாக அறுத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், மேற்குத் தொடர்ச்சி மலை மண்ணுக்குள் ஊதா நிறத்தில், பன்றிமூக்கோடு ஒரு தவளை வாழ்ந்துகொண்டிருந்தது. ஆண்டில் சில நாள்கள், மழையோடு இணைசேர மட்டும் மேலே வரும் தவளை அது. அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது 2003-ல்தான். எங்கள் கல்லூரிகளில் அறுப்பது முழுதாக நின்ற அதே 2014-ல், தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவர் குழுவினரும் அதே மலைகளிலிருந்து 14 புதிய நடனத் தவளைகளை அறிவித்தார்கள். ஓடைச் சத்தத்தில் குரல் எடுபடாதென்று ஆண் தவளை பின்னங்காலை நீட்டி அசைத்து அழைப்பு விடுக்கும் இனம். எங்கள் தேர்வுத்தாளில் தவளையின் மூளை நரம்புகள் பத்து இணையையும் கேட்டார்கள். நம் ஊரில் எத்தனை வகைத் தவளை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவளிடம் கேட்டேன்: “மழை ராத்திரியில நம்ம வீட்டுக்குப் பின்னால கத்துறது என்னென்ன தவளை?”

“தவளைன்னா தவளைதானே சித்தப்பா.”

அந்த வயதில் என் வகுப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அன்று அறுத்துப் படித்தோம், இன்று அறுக்காமல் படிக்கிறார்கள். இரண்டு பாடத்திட்டங்களும் உயிரோடு இருக்கும் தவளையிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை.

இத்தனைக்கும் தூரம் போக வேண்டியதில்லை. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை, விரட்டினால் தண்ணீர் மேலேயே தாவித்தாவி ஓடும் குளத்துத் தவளை, முதல் மழைக்கு மஞ்சளாக நிறம் மாறி நிற்கும் பெரிய ஆண் தவளைகள் எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு. கட்டைவிரல் நுனி அளவே இருந்துகொண்டு இரவு முழுக்க வயலை அதிரவைக்கும் ஒரு சின்னத் தவளையும் உண்டு. ஒவ்வொன்றின் குரலும் வேறு. பெண் தவளை தன் இனத்து ஆணை அந்தக் குரலை வைத்துத்தான் தேடிப் போகிறது. அவள் கையில் இருக்கும் செல்போனே இவற்றைப் பதிவு செய்யப் போதும்.

இதை ஒரு செய்முறைப் பாடமாகவே வைக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். ஐப்பசி மழை பிடித்ததும் ஓர் இரவு, ஆசிரியரோடு, கண்மாய்க் கரையில். கேட்ட குரல்களைப் பதிவு செய்து, பார்த்த தவளையைப் பிடிக்காமல் வரைந்து, ரெக்கார்டில் ஒட்ட வேண்டும். அவள் துறையில் போய்ப் பேசியிருக்கிறாள். ஆசிரியைக்கும் ஆசைதான். தவளை கூடும் இடத்துக்குப் பாம்பும் வருமே என்று கவலைப்பட்டிருக்கிறார். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் எத்தனை ஜோடி வேண்டும் என்று இப்போது கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.