முதல் அடி எங்கே?

பாளையக்காரர் போரை வைத்து அட்டை விளையாட்டு ஒன்று அச்சடிக்கிறோம். கும்பெனிப் படை முதலில் பாய வேண்டியது பாஞ்சாலங்குறிச்சி மீதா, காளையார்கோவில் மீதா?
– வாசகர், சிவகாசி

கும்பெனிப் படைத்தளமான பாளையங்கோட்டைக்குப் பக்கம் பாஞ்சாலங்குறிச்சிதான். மண்கோட்டைதானே என்று 1801 மார்ச் 31-ல் மேஜர் மெக்காலே மோதினார், மண்ணைக் கவ்வினார். மே 24-ல், கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்த பிறகே கோட்டை விழுந்தது. கோட்டையைக் காத்த ஊமைத்துரையோ தப்பி, காளையார்கோவிலை வைத்திருந்த மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். முதல் கோட்டையைப் பிடித்ததற்குப் பரிசு: இரண்டாவது கோட்டைக்கு ஒரு தளபதி கூடுதல்!

அப்போ நேரே காளையார்கோவிலுக்கே போய்விடலாமா?
– அதே வாசகர்

காடு வெட்டத் தெரியுமா? சிறுவயலிலிருந்து பாதை வெட்டியே ஒரு மாதம் போனது, முடிக்காமல் கைவிட்டார்கள். பிறகு கும்பெனி கோடரியைக் கீழே வைத்துவிட்டு, அரச குடும்பப் பங்காளியான கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு ஜமீன்தார் என்று அறிவித்தது. மருதுவின் ஆட்கள் கலைந்தார்கள். அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. உங்கள் விளையாட்டில் ‘பங்காளி’ என்றொரு சீட்டு அடியுங்கள். பீரங்கியைவிட அதற்குப் புள்ளி அதிகம் வையுங்கள்.

மருதிருவருக்கு எங்க ஊர்ச் சரக்கு கிடைத்திருந்தால்?
– வாசகர், திருத்தங்கல்

சிவகாசிக்காரர் இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றது 1922-ல். டெலிவரி 121 வருஷம் லேட்!