சார்னாக்கின் கல்லும் பள்ளிக்கரணைச் சேறும்

தாம்பரம் வட்டாரத்துச் சரித்திரத்தைப் பாறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் பாறையைத் தேடித்தான் வந்தார்கள். சேற்றைத் தேடிப் போன புத்திசாலிகள் நாம் மட்டும்தான்.

1863 மே 30 அன்று, ஊரே நிழல் பார்த்து ஒதுங்கும் வெயிலில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்காரப் புவியியலாளர் பல்லாவரத்துச் சரளைக் குழியைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு கல் கோடரி கிடைத்தது. இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அதுதான் முதல் சாட்சி. அந்தக் கோடரிக்காரர் பட்டா, சிட்டா எதுவும் பார்க்காமலேயே மேட்டு நிலமாகப் பார்த்து உட்கார்ந்தவர்.

அடுத்தவர் ஜோப் சார்னாக். கல்கத்தாவை நிறுவிய பெயரைத் தட்டிக்கொண்டு போனவர், செத்தபின் நம் ஊர்க் கல்லுக்கும் பெயர் கொடுத்தார். அவர் சமாதிக்கு இந்தப் பக்கத்துக் கருங்கல் போயிருந்தது. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்கிற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே ‘சார்னோகைட்’ என்று நாமகரணம் செய்துவிட்டார். மலை நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது. நம் பங்குக்கு அதை ஜல்லியாக உடைத்து விற்றோம்.

அதற்கும் முன்பே, 1802-இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கக் கிளம்பியபோது, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு போட்டார். நூறடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை நீட்டி வைத்த வேலை. ஏப்ரலில் ஆரம்பித்தார். ஐப்பசியில் ஆரம்பித்திருந்தால் சங்கிலியோடு படகும் வாங்கியிருக்க வேண்டும்.

அந்தக் கோட்டின் பக்கத்தில்தான் கழுவெளி என்கிற சதுப்பு கிடந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர். தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கேதான் இளைப்பாறும். தண்ணீர் நின்றால் உதவாத நிலம் என்பது நிர்வாக சாஸ்திரம். எனவே குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், ரயில் விட்டோம், மிச்சத்தை மனை பிரித்தோம். எல்லாம் முடிந்தபின், 2022-இல், எஞ்சிய பகுதிக்கு ‘ராம்சார்’ என்கிற பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டம் சூட்டினோம்.

பூகம்பத்துக்கோ பட்டமும் தெரியாது, பட்டாவும் தெரியாது. பாறையில் வேகமாக ஓடிவரும் பூகம்ப அலை சேற்றுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. குறைந்த வேகத்தை வீச்சில் ஈடுகட்டிக்கொள்கிறது. தட்டைத் தட்டினால் அதன் மேலிருக்கும் அல்வாதான் அதிகம் ஆடும். சதுப்பில் மனை வாங்கியவருக்குக் கிடைத்ததும் அந்த அல்வாதான். போதாக்குறைக்கு, சேறு ஆடும் தாளமும் கட்டடம் ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும்.

இதற்கு மெக்சிகோ நகரம் பெரும் விலை கொடுத்தது. அஸ்டெக்குகள் ஏரிக்கு நடுவே கட்டிய ஊரைப் பிடித்த ஸ்பானியர்கள், ஏரியையே வடித்துவிட்டு அதன் மேல் குடியேறினார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பூமி அதிர்ந்தது. பழைய ஏரிப்படுகையில் ஆறு முதல் பதினைந்து மாடி வரையான கட்டடங்கள் அதிகம் சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நகரத்தில் பாறைமேல் இருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின.

நமக்கும் முன்னறிவிப்பு வராமல் இல்லை. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலிலும், 2004-இலும் 2012-இலும் சுமத்ராவிலும் பூமி அசைந்தபோது சென்னையில் மாடியிலிருந்தவர்கள் கீழே ஓடிவந்தார்கள். குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு, 2002-இல், சென்னை இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு உயர்த்தப்பட்டது. கேட்காமலேயே கிடைத்த பதவி உயர்வு அது ஒன்றுதான். ஆனால் மண்டலம் ஊர் முழுமைக்கும் ஒன்று. மண் தெருவுக்குத் தெரு வேறு. இந்தியக் கட்டடத் தர விதியின் கணக்குப்படி, மெல்ல ஆடும் உயரமான கட்டடத்துக்குப் பாறையில் ஒரு பங்கு விசை என்றால், மென்மண்ணில் 1.67 பங்கு. தாம்பரம் பாறைமேட்டுக்கும் பள்ளிக்கரணைக்கும் ஒரே கட்டட வரைபடத்தை நகலெடுப்பவர் இந்த 0.67-ஐத்தான் விழுங்குகிறார்.

மனை வாங்குகிறவர் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று கேட்கிறார். மண்ணின் வில்லங்கமோ ஆயிரக்கணக்கான வருடத்துடையது. அதைப் பதிவு அலுவலகத்தில் தரமாட்டார்கள், துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். வாஸ்துக்காரர் வாசல் எந்தத் திசை என்பார். மண் பரிசோதனைக்காரர் பாறை எத்தனை அடியில் என்பார். முதலாமவருக்குத் தாம்பூலத்தோடு தட்சிணை வைக்கிறோம். இரண்டாமவரிடம்தான் பேரம் பேசுகிறோம்.